கர்நாடக வண்டியை வாங்குமுன்: வரியும் என்.ஓ.சி.யும்

கேள்வி: பெங்களூரில் பதிவான 2018 மாடல் பெட்ரோல் கார் ஒன்று கோவையில் விலைக்கு வந்திருக்கிறது. நம்மூர் வண்டியைவிட எண்பதாயிரம் ரூபாய் குறைவு. ‘லைஃப் டாக்ஸ் கட்டியாச்சு, என்.ஓ.சி.யை அப்புறம் வாங்கிக்கலாம்’ என்கிறார் தரகர். ஐம்பதாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியைக் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். என்.ஓ.சி. (வேறு மாநிலத்தில் பதிவை மாற்றப் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் வரி. வாகன வரி மாநில அரசின் கையில் இருப்பது. பெங்களூரில் கட்டிய ஆயுள் வரி கர்நாடகத்தோடு சரி. இங்கே பதிவை மாற்றும்போது, வண்டியின் முதல் விலையையும் வயதையும் பார்த்துத் தமிழ்நாடு தனியாக வரி போடும். ஆர்.சி. (பதிவுச் சான்று), பழைய இன்வாய்ஸ் இரண்டின் நகலோடு உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய், எவ்வளவு வரி வரும் என்று இன்றே கேளுங்கள். அந்தத் தொகையைச் சேர்த்த பிறகும் வண்டி மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். எண்பதாயிரம் லாபம் அங்கேயே கரைந்துவிடலாம். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்க வழி உண்டு. ஆனால் இங்கே புது எண் வாங்கிய பிறகு, பழைய அலுவலகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்தப் பணம் உங்களுக்கா விற்றவருக்கா என்பதை இப்போதே எழுத்தில் வையுங்கள்.

‘ஒரு வருஷம் இதே நம்பரில் ஓட்டலாம்’ என்றும் சொல்வார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவில் உள்ள 12 மாதம் பதிவு எண்ணை மாற்றுவதற்கான கெடு. வரிக்கு விலக்கு என்று அதற்குப் பொருள் இல்லை. பெயர் மாற்றத்துக்கு, வாங்கியவருக்கு உள்ள கெடு வெறும் 30 நாள்.

அடுத்தது என்.ஓ.சி. படிவம் 28இல் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். வரி பாக்கியோ கட்டாத செலானோ இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கடனில் வாங்கிய வண்டி என்றால் தவணை முடிந்தது மட்டும் போதாது. வங்கியின் கடிதமும் படிவம் 35ம் கொடுத்து ஹைப்போதிகேஷனை (வண்டி மேல் உள்ள கடன் பதிவை) ஆர்.சி.யிலிருந்து நீக்கியிருக்க வேண்டும். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் காப்பீடு எதுவரை, கடன் பதிவு இருக்கிறதா என்பதெல்லாம் தெரியும்.

படிவம் 28க்கு, வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் வேண்டும். அதை எடுக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருங்கள். எண் பொறித்த இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் 17 எழுத்துகளும் பதியும். ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் ராவிய தடமோ புதுப் பெயின்டோ தெரிந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

வெறும் கையெழுத்து மட்டும் போட்ட பெயர் மாற்றப் படிவங்களான 29, 30ஐத் தரகர் நீட்டினால் அதை நம்பிப் பணம் தரவேண்டாம். உரிமையாளரை நேரில் பார்த்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, தேதியும் உங்கள் பெயரும் நிரப்பி வாங்குங்கள். இதில் அவருக்கும் அக்கறை இருக்க வேண்டும். ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை எடுத்துச் சொன்னால் என்.ஓ.சி. வேலை வேகம் பிடிக்கும். காப்பீட்டையும் வாங்கிய 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

கொடுத்த ஐம்பதாயிரத்துக்கு ரசீது இல்லை என்றால் உடனே எழுதி வாங்குங்கள். இன்ன தேதிக்குள் என்.ஓ.சி. வராவிட்டால் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும் என்ற வரியும், உரிமையாளர் கையெழுத்தும் அதில் இருக்கட்டும். அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை என்றால் முன்பணத்தைத் திரும்பக் கேளுங்கள்.