சால்மன் பிடிக்கப் போகும் முன் நீரோட்ட அட்டவணையைப் பாருங்கள்

கேள்வி: மிசிசாகாவில் இருக்கிறோம். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாரம் வான்கூவர் பக்கம் வருகிறோம். நான், மனைவி, 11 வயது மகள், தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கும் 68 வயது அப்பா. ஒரு நாளாவது கடலில் சால்மன் பிடிக்க ஆசை. டொஃபினோ போ என்கிறார் ஒரு நண்பர், கேம்ப்பெல் ரிவர் போ என்கிறார் இன்னொருவர். மனைவிக்குப் படகென்றாலே தலைசுற்றல். எங்கே போகலாம்? லைசன்ஸ் யார் யாருக்கு வேண்டும்? பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா? மகள் அதில் சுஷி செய்யப்போவதாகச் சொல்கிறாள், சரிதானா?

பதில்: உங்கள் நான்கு பேருக்கும் கேம்ப்பெல் ரிவர்தான். டொஃபினோவில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் அது வான்கூவர் தீவின் மேற்குக் கரை. துறையை விட்டு வெளியே வந்தால் எதிரே திறந்த பசிபிக். காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தொலைவில் கிளம்பிய அலை வந்து படகை மெதுவாகத் தூக்கி இறக்கிக்கொண்டே இருக்கும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அந்த மெதுவான ஆட்டம்தான் பெரிய எதிரி. கேம்ப்பெல் ரிவர் தீவின் உள்பக்கம். 450 கிலோமீட்டர் நீளத் தீவு நடுவில் நிற்பதால் அந்த அலை இங்கே வராது. எதிரே குவாட்ரா தீவு. இரண்டுக்கும் நடுவில் ஓடும் டிஸ்கவரி பாஸேஜ் என்ற நீர்வழியில்தான் மீன்பிடி. கரை எப்போதும் கண்ணில் தெரியும். மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லையென்றால் சீக்கிரமே திரும்பிவிடலாம்.

ஆனால் ஒன்று. அலை இல்லை என்பதால் தண்ணீர் சும்மா கிடக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். இந்தக் கால்வாய்களில் கடல் ஒரு நாளைக்கு நாலு தடவை திசை மாறி ஓடுகிறது. ஊருக்குச் சற்று வடக்கே உள்ள சீமோர் நேரோஸ் இடுக்கில் ஓட்டத்தின் வேகம் 15 நாட் வரை போகும், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். அந்த இடுக்கின் நடுவே ரிப்பிள் ராக் என்று தண்ணீருக்கடியில் ஒரு பாறை இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்களும் படகுகளும் அதில் மோதிச் சேதப்பட்டன, மூழ்கின. கடைசியில் கடலடியில் சுரங்கம் தோண்டி, ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிமருந்து வைத்து, 1958 ஏப்ரல் 5 அன்று அதன் தலையைத் தகர்த்தார்கள். பாறைதான் போனது, ஓட்டம் அப்படியேதான் இருக்கிறது.

அந்த ஓட்டத்தால்தான் இங்கே மீனும் இருக்கிறது. வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு முனையைத் தாண்டும்போது அதன் பின்னால் சுழன்று தேங்கும். ஹெரிங் போன்ற சிறு மீன்கள் அந்தத் தேக்கத்தில் ஒதுங்கும். பெரிய சால்மன் ஓட்டத்தோடு மல்லுக்கட்டாமல் தேக்கத்தின் ஓரத்திலேயே நின்று இரை எடுக்கும். ஓட்டம் தணிந்து திசை மாறுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் கடி அதிகம். அது விடியற்காலையோடு சேர்ந்து வந்துவிட்டால் இன்னும் நல்லது.

அதனால் படகு பதிவு செய்வதற்கு முன் பார்க்க வேண்டியது நீரோட்ட அட்டவணை. கனடா நீர்வரைவியல் துறை இதைத் தனியாக வெளியிடுகிறது. சீமோர் நேரோஸ் என்ற தலைப்பில் இருக்கும். கடல்மட்டம் ஏறி இறங்கும் அட்டவணை வேறு, இது வேறு. இது போன்ற இடுக்குகளில் தண்ணீர் உச்சிக்கு ஏறும் நேரமும் ஓட்டம் நிற்கும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை. முன்னதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நல்ல நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள். இன்னொரு கணக்கு உங்கள் அப்பாவுக்கே தெரிந்திருக்கும்: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும், நடுவில் தணியும். நம் வீட்டில் நல்ல காரியத்துக்கு ஆகாதென்று ஒதுக்கும் அஷ்டமி, நவமிதான் உங்களுக்கு இங்கே நல்ல நாள். குழந்தையும் பெரியவரும் வருகிற படகுக்கு அந்த நாட்களைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏற்றத்தின்போது தண்ணீர் இங்கே வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடுகிறது. தென்கிழக்குக் காற்று அதற்கு எதிராக வீசினால், குவாட்ரா தீவின் தென்முனையான கேப் மட்ஜ் கலங்கரை விளக்கத்துக்கு முன்னால் செங்குத்தான குட்டையலைகள் எழும்பி மோசமாகிவிடும். படகோட்டி 'இன்று அந்தப் பக்கம் வேண்டாம்' என்றால் வாதாடாதீர்கள். கோடையில் வடக்கே ஜான்ஸ்டன் நீரிணையில் மதியத்துக்கு மேல் மேற்குக் காற்று வலுக்கும். காலைப் பயணத்தை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகஸ்ட் கடைசி நல்ல காலம்தான். இந்தக் கரையில் சால்மன் ஐந்து வகை: சினூக், கோஹோ, சாக்கை, பிங்க், சம். சினூக்தான் எல்லாவற்றிலும் பெரியது. 30 பவுண்டு, அதாவது சுமார் 13.6 கிலோ தொட்டுவிட்டால் இந்த ஊரில் அதற்கு டையீ என்று தனிப்பெயர், தனி மரியாதை. 1924-இல் தொடங்கிய டையீ கிளப் இன்றும் இருக்கிறது. அதில் இடம்பிடிக்க மோட்டார் கூடாது. துடுப்புப் படகில், 20 பவுண்டுக்கு மேல் தாங்காத நூலில், செயற்கை இரை போட்டு, ஆற்று முகத்துவாரத்தில் ஜூலை 15-க்கும் செப்டம்பர் 15-க்கும் இடையில் பிடிக்க வேண்டும். துடுப்புப் போட வழிகாட்டிகள் கிடைப்பார்கள். அப்பாவும் நீங்களும் மட்டும் ஒரு மாலை இதை முயன்று பார்க்கலாம். மீன் படாவிட்டாலும் போன நேரம் வீணில்லை என்பது என் கருத்து. ஒற்றைப்படை ஆண்டென்றால் ஃப்ரேசர் ஆற்றுக்குத் திரும்பும் பிங்க் கூட்டம் கூட்டமாக வரும். மகளுக்குக் கை நிறைய வேலை இருக்கும். ஃப்ரேசரின் சாக்கை நாலு வருடத்துக்கு ஒருமுறை பெருக்கெடுக்கும்: 2010, 2014, 2018, 2022 என்ற வரிசை. ஆனால் அந்தந்த சமயத்தில் அறிவிப்பு வந்தால்தான் சாக்கை பிடிக்கலாம்.

வான்கூவரிலிருந்து ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து தீவிலுள்ள நனைமோவுக்கு ஃபெர்ரி ஒன்றே முக்கால் மணி நேரம், அங்கிருந்து சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். படகு விடியலில் கிளம்பும். இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள். ஆகஸ்டில் ஃபெர்ரிக்கு முன்பதிவு இல்லாமல் காரோடு போனால் வரிசையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான்.

படகு பேசும்போது எல்லோரும் விலையையும் 'மீன் கிடைக்குமா' என்பதையும் கேட்கிறார்கள். நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, படகில் கழிவறை உண்டா? சின்ன திறந்த படகுகள் பலவற்றில் இருக்காது. ஐந்து மணி நேரம், குளிர், 68 வயது. யோசித்துப் பாருங்கள். அடுத்தது, மூடிய கேபின் இருக்கிறதா, குழந்தை அளவுக்கு உயிர்காப்பு ஜாக்கெட் இருக்கிறதா, படகு வணிகப் படகாகப் பதிவாகியிருக்கிறதா, காப்பீடு உண்டா. இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிக்கிற ஆளிடம் போக வேண்டாம். முதல் தடவைக்கு நாலைந்து மணி நேரப் பயணமே போதும். அப்பாவுக்குக் கடல் புதிதில்லை, குளிர்தான் புதிது. ஆகஸ்டிலும் விடியலில் தண்ணீர் மேல் நல்ல குளிர் அடிக்கும். ஸ்வெட்டர், அதன்மேல் காற்று புகாத ஜாக்கெட், காது மூடும் குல்லா எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி தலைசுற்றல் மாத்திரையைக் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிதாகப் பயனில்லை. அப்பா வேறு மருந்துகள் சாப்பிடுகிறவர் என்றால், அவருக்கு அந்த மாத்திரை ஒத்துக்கொள்ளுமா என்று மருந்தாளுநரிடம் கேட்டுவிடுங்கள்.

சரி, லைசன்ஸ். ஒன்டாரியோ லைசன்ஸ் இங்கே செல்லாது. கனடா மீன்வள, பெருங்கடல் துறையின் கடல்நீர் பொழுதுபோக்கு மீன்பிடி லைசன்ஸ் வேண்டும். இணையத்திலேயே வாங்கலாம். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள், முழு ஆண்டு என்று உண்டு. அதனுடன் சால்மன் பாதுகாப்பு முத்திரை என்று ஒன்றையும் வாங்க வேண்டும்; அது இல்லாமல் சால்மனைப் பிடித்துத் திரும்பக் கடலில் விட்டுவிடலாம், வைத்துக்கொள்ள முடியாது. உங்களுக்கும் மனைவிக்கும் கனடாவாசிக் கட்டணம். அப்பா சுற்றுலா விசாவில் வந்திருப்பவர் என்பதால் அவருக்கு வெளிநாட்டவர் கட்டணம், கொஞ்சம் கூடுதல். மகள் 16 வயதுக்குக் கீழ் என்பதால் லைசன்ஸ் இலவசம். இலவசம் என்றால் தேவையில்லை என்று அர்த்தமில்லை. எடுத்தே ஆக வேண்டும், மீனை வைத்துக்கொள்ள முத்திரையும் வேண்டும். அப்பா வேடிக்கை மட்டும் பார்ப்பதென்றால் அவருக்கு எதுவும் வேண்டாம். ஆனால் தூத்துக்குடிக்காரர், கோல் வளைவதைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாரா? ஒரு நாள் லைசன்ஸ் வாங்கி வைத்துவிடுங்கள். படகுக் கட்டணத்தில் இவையெல்லாம் பொதுவாகச் சேராது.

விதிகளைப் படிக்கும்போது கடல் பகுதி எண்ணைப் பார்த்துப் படியுங்கள். கேம்ப்பெல் ரிவர் 13-ஆம் பகுதி. எல்லா வகையும் சேர்த்து ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு சால்மன் என்பது பொது வரம்பு. அதற்குள் ஒவ்வொரு வகைக்கும் தனி எண்ணிக்கை, தனி நீளம் உண்டு. ஃப்ரேசர் சினூக் சில நலிந்துவிட்டதால் 2019 முதல் தென்பகுதியின் பெரும்பாலான இடங்களில் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் சினூக்கை வைத்துக்கொள்ளத் தடை இருந்துவருகிறது. ஆகஸ்டில் எத்தனை, எவ்வளவு நீளம் வரை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். கிளம்பும் முந்தின நாள் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போன வருடம் போன நண்பர் சொன்னது இந்த வருடத்துக்கு உதவாது. வைத்துக்கொள்ளும் சினூக் ஒவ்வொன்றையும் அப்போதே லைசன்ஸில் பதிய வேண்டும், கரைக்கு வந்தபின் அல்ல. தூண்டில் முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செதில் இருக்கக் கூடாது. படகுக்காரர் அதை நசுக்கித்தான் வைத்திருப்பார்.

மீன் படகருகே வந்ததும் மகளுக்கு ஒரு வேலை கொடுங்கள். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே, எலும்பில்லாமல் சதையாக ஒரு சின்னத் துடுப்பு இருக்கும், சுண்டுவிரல் நுனி அளவு. அது இருந்தால் இயற்கையாகப் பிறந்த மீன் என்று கணக்கு. அது இல்லாமல் அந்த இடம் ஆறிய தழும்பாக வழவழவென்று இருந்தால் மீன்குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்த மீன். குஞ்சிலேயே வெட்டி அடையாளம் செய்து விட்டிருக்கிறார்கள். கோஹோவில் பெரும்பாலும் இந்தத் தழும்புள்ள மீனைத்தான் வைத்துக்கொள்ள விடுவார்கள். இது கோஹோவா, சின்ன சினூக்கா என்று சந்தேகம் வந்தால் வாயைப் பாருங்கள். பல் முளைக்கும் ஈறு கறுப்பாக இருந்தால் சினூக், வெளுப்பாக இருந்தால் கோஹோ. சினூக்குக்கு வால் முழுக்கப் புள்ளி, கோஹோவுக்கு மேல்பாதியில் மட்டும். விட வேண்டிய மீனைத் தண்ணீரை விட்டுத் தூக்கவே வேண்டாம். படம் எடுக்க ஆசையிருந்தால் வைத்துக்கொள்ளும் மீனோடு எடுங்கள்.

தூண்டில் முறை அப்பாவுக்குப் புதிதாக இருக்கும். டவுன்ரிகர் என்ற சிறு கிரேனில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு தொங்கும். நூலை அதன் கம்பியில் ஒரு கிளிப்பில் மாட்டி நூறு அடி, சில சமயம் அதற்கும் கீழே இறக்குவார்கள். பின்னால் பளபளக்கும் தகடு, அதற்குப் பின்னால் நெத்திலியோ பிளாஸ்டிக் கணவாயோ. கோல் வில்லாக வளைந்தே நிற்கும். மீன் கடித்ததும் கிளிப் விட்டுப்போய், கோல் சட்டென்று நிமிரும். அதுதான் அடையாளம். உடனே எடுத்து, தொய்வு போகும் வரை வேகமாகச் சுற்ற வேண்டும். இந்த ஊர் ரீல் பழைய பாணி. மீன் ஓடும்போது கைப்பிடியும் பின்னோக்கிச் சுழலும். பிடித்து நிறுத்தப் போனால் விரல் முட்டியில் அடி விழும். கையை எடுத்துவிட்டு, உள்ளங்கையால் ரீலின் ஓரத்தை லேசாகத் தொட்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். மகளிடம் இதைக் கரையிலேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

மனைவி படகே வேண்டாம் என்றால் ஊரிலேயே டிஸ்கவரி பியர் என்ற மீன்பிடி மேடை கடலுக்குள் நீண்டு நிற்கிறது. அங்கிருந்தும் தூண்டில் போடலாம், லைசன்ஸ் விதி அதேதான். பக்கத்தில் குவின்சம் பொரிப்பகத்தையும் பார்க்கலாம்.

பிடித்த மீனை வீட்டுக்குத் தாராளமாகக் கொண்டுபோகலாம். விற்க மட்டும் கூடாது. படகிலேயே இரத்தம் வடித்து, ஐஸில் போட வேண்டும். பிங்க் சதை மென்மையானது, சீக்கிரம் குழைந்துவிடும். அதை முதலில் கவனியுங்கள். துண்டு போடும்போது தோலை உரிக்காதீர்கள், குழம்புக்கென்று சின்னதாக நறுக்கியும் விடாதீர்கள். எத்தனை மீன், என்ன வகை என்று அதிகாரி பார்த்தால் தெரிய வேண்டும். ஊரில் மீன் பதப்படுத்தும் கடைகளில் வெற்றிட உறையிட்டு, உறையவைத்து, பெட்டியில் கட்டித் தருவார்கள். விமானத்தில் அதைப் பெட்டியாகவே போடலாம். உலர்பனி வைத்தால் ஒருவருக்கு 2.5 கிலோதான், அதற்கும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். லைசன்ஸ் மீனோடு இருக்கட்டும்.

சுஷி விஷயத்தில் மகள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். காட்டு சால்மனில் அனிசாகிஸ் என்ற புழு இருப்பது சாதாரணம். பச்சையாகச் சாப்பிடுவதென்றால் மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைந்திருக்க வேண்டும். வீட்டு ஃப்ரீசர் பெரும்பாலும் மைனஸ் 18-இல்தான் நிற்கும், அதை நம்பிச் செய்ய வேண்டாம். பதப்படுத்தும் கடையில் இதை முன்கூட்டியே சொல்லி, அவர்கள் ஃப்ரீசரில் அந்த அளவு குளிரில் 7 நாள் வைத்துப் பிறகு அனுப்ப முடியுமா என்று கேளுங்கள். முடியாதென்றால் அந்த மீன் குழம்புக்கும் வறுவலுக்கும்தான். வயிற்றுப் பகுதித் துண்டுகளை மட்டும் குழம்பில் போடாமல் வறுவலுக்கு ஒதுக்கிவையுங்கள்; கொழுப்பு அங்கேதான் இருக்கிறது, எண்ணெய் மிகக் கொஞ்சமாக விட்டால் போதும்.