பழச்சுவை விருந்துக்கு எந்தப் பழம்? – வாசகர் கேள்வி, பதில்

கேள்வி: பழங்களை மட்டும் வைத்து நண்பர்களுக்குச் சுவை விருந்து கொடுக்கும் வழக்கம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் தொடங்கியிருக்கிறது. சென்ற மாதம் ஒரு வீட்டில் டிராகன் பழம், கிவி, அவகாடோ, ப்ளூபெர்ரி என்று வைத்தார்கள். செலவு கணிசமாக ஆகியிருக்கும். ஆனால் கால் மணி நேரத்தில் பேச்சு பழத்தை விட்டு வேறு எங்கோ போய்விட்டது. நான் பத்துப் பேரை அழைக்க எண்ணுகிறேன். எந்தெந்தப் பழங்களை வாங்கலாம்?
– வாசகி, தாம்பரம்

பதில்: பல பழங்களை வாங்காதீர்கள்; ஒரே பழத்தின் பல ரகங்களை வாங்குங்கள். கிவியையும் டிராகன் பழத்தையும் அடுத்தடுத்துத் தின்றவரிடம் கருத்துக் கேட்டால், இது பிடித்தது, அது பிடிக்கவில்லை என்பதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அவற்றை ஒப்பிடப் பொதுவான அடித்தளம் இல்லை. அதே ஆள் ஒரே பழத்தின் ஆறு ரகங்களைத் தின்றால், எது புளிக்கிறது, எது மாவாக இருக்கிறது, எதன் மணம் தொண்டை வரை நிற்கிறது என்றெல்லாம் வாதாடத் தொடங்கிவிடுவார். விருந்தில் பேச்சு பழத்தை விட்டுப் போகாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மாம்பழம்தான் உடனே நினைவுக்கு வரும். ஆனால் அதற்குப் பருவம் உண்டு. அந்தப் பருவத்துக்குள்ளும் செந்தூரா முன்னதாக வரும், நீலம் கடைசியில் வரும். எல்லா ரகங்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உச்சச் சுவையோடு கிடைப்பது அரிது. பலாப்பழத்தை நகரத்து அடுக்ககத்தில் அறுப்பதன் சிரமத்தை நான் விளக்க வேண்டியதில்லை. முக்கனிகளில் எஞ்சியிருப்பது வாழை. ஆண்டு முழுவதும் கிடைப்பது, விலை குறைந்தது, எல்லாரும் தங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நம்பிக்கொண்டிருப்பது. கடைசியாகச் சொன்ன காரணத்துக்காகவே நான் வாழையைப் பரிந்துரைக்கிறேன்.

பூவன், ரஸ்தாளி, கற்பூரவள்ளி, செவ்வாழை ஆகிய நான்கும் அடிப்படையாக இருக்கட்டும். பூவனில் இனிப்போடு ஒரு மெல்லிய புளிப்பு இருக்கும். ரஸ்தாளி மென்மையும் மணமும் உடையது. கற்பூரவள்ளியின் இனிப்பு மற்றவற்றை எல்லாம் மிஞ்சிவிடும். செவ்வாழையில் சதை சற்று நெருக்கமாக இருக்கும். இவற்றோடு மலைவாழை ஒன்றும் குமரி மாவட்டத்து மட்டிப்பழமும் சேர்ந்தால் விருந்து முழுமையாகும். மலைவாழையில் சிறுமலை, விருப்பாச்சி இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. பழனி மலைத்தொடரின் சரிவுகளிலும் சிறுமலையிலும் காப்பிச் செடிகளுக்கு இடையே வளரும் இந்த வாழை, முடிக்கொத்து நோயால் பெருமளவில் அழிந்து, பிறகு மெல்ல மீட்கப்பட்டது. எனவே உண்மையான மலைப்பழம் கிடைத்தால் விலையைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம். மட்டிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. விரல் நீளமே உள்ள சிறிய பழம். குமரியில் குழந்தைகளுக்கு முதலில் ஊட்டும் பழங்களில் ஒன்று. அதன் மணத்தை ஒருமுறை அறிந்தவர்கள் சென்னையில் அது எளிதாகக் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஆறு ரகங்கள் போதும். ஏழாவதாக ஒன்று வேண்டுமென்றால் நேந்திரனை வைக்கலாம், ஆனால் அதைப் பச்சையாக அன்றி ஆவியில் வேகவைத்துத் தனியே பரிமாறுங்கள்.

கேள்வி: மேற்கண்டது போன்ற விருந்தை நாங்களும் நடத்திப் பார்க்க விரும்புகிறோம். ஆறு ரகங்களும் ஒரே நாளில் சரியாகப் பழுத்திருக்க வேண்டுமே, அதற்கு என்ன செய்வது? கடையில் பழுத்ததையே வாங்கிவிட்டால் ஆகாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இந்த விருந்தின் வெற்றியும் தோல்வியும் இதில்தான் இருக்கிறது. சரியாகப் பழுக்காத ரஸ்தாளியின் நடுவில் கட்டிகட்டியாக இருக்கும், துவர்க்கும். அதைத் தின்றவர் ரஸ்தாளியே இப்படித்தான் என்று முடிவு செய்துவிடுவார். நன்கு பழுத்த ரஸ்தாளியின் தோல் மிக மெல்லியதாகிவிடும், பழம் சீப்பிலிருந்து தானே உதிரத் தொடங்கும். கடைக்காரர்கள் உதிர்ந்த பழத்தை ஒதுக்கி வைப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதுதான். பூவனில் தோல் முழுவதும் மஞ்சளாகி, அங்கங்கே கரும்புள்ளிகள் விழத் தொடங்கும் நேரமே சரியான நேரம், அப்போது புளிப்பு அடங்கியிருக்கும். கற்பூரவள்ளி தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும். செவ்வாழையை நிறத்தை வைத்துக் கணிக்க இயலாது, ஏனென்றால் அது காயிலேயே சிவப்பாக இருப்பது; காம்புப் பக்கத்தை இலேசாக அழுத்திப் பார்த்து, நெகிழ்ந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

விருந்துக்கு மூன்று நான்கு நாள்களுக்கு முன்பே, நிறம் மாறத் தொடங்கிய சீப்புகளை வாங்கிவிடுங்கள். ரகத்துக்கு ஒரு சீப்பு பத்துப் பேருக்குத் தாராளம். பின்தங்கும் ரகத்தை ஒரு காகிதப் பையில் போட்டு, உடன் நன்றாகப் பழுத்த ஒரு பழத்தையும் வைத்து மூடினால், பழம் வெளிவிடும் எத்திலீன் வாயு மற்றவற்றையும் பழுக்கச் செய்யும். ஊர்ப்புறங்களில் தார்களை அடுக்கி மூட்டம் போட்டபோது அந்தப் புகையிலும் இதே வாயு இருந்தது. முந்திக்கொண்ட ரகத்தைக் குளிர்ந்த நிழலான இடத்துக்கு மாற்றுங்கள், குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். வாழைப்பழம் ஏறத்தாழ 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் தோல் கறுத்து, மணம் கெட்டுப்போகும்.

கடைகளில் பழுக்கவைக்கும் முறை பற்றியும் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கால்சியம் கார்பைடு கல்லைக் கொண்டு பழுக்கவைப்பது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் எச்சங்கள் இருக்கக்கூடும். எத்திலீன் வாயுவைப் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவு வரை பயன்படுத்தச் சட்டம் அனுமதிக்கிறது. எந்தப் பழம் எப்படிப் பழுத்தது என்பதைப் பார்வையால் உறுதி செய்வது கடினம்; ஆதலால் காயாக வாங்கி வீட்டில் பழுக்கவைப்பதே மேல் என்பது என் கருத்து.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். கடையில் பச்சைத் தோலோடு விற்கும் பச்சைப்பழமும், பெரிய அங்காடிகளில் ஒரே அளவாக மஞ்சள் நிறத்தில் அடுக்கியிருக்கும் பழமும் பெரும்பாலும் கேவண்டிஷ் என்னும் ஒரே குழுவைச் சேர்ந்தவை. நம் ஊர் வெப்பத்தில் பழுத்தால் தோல் பச்சையாகவே நிற்கும், குளிரூட்டிய அறையில் பழுத்தால் மஞ்சளாகும். இரண்டையும் வாங்கி இரண்டு ரகம் என்று வைத்துவிடாதீர்கள். குமரிப் பக்கத்திலிருந்து வரவழைத்தால், அங்கே பாளையங்கோட்டான் என்று விற்பது நம் பூவன்தான், செந்துளுவன் என்பது செவ்வாழை, ஏத்தன் என்பது நேந்திரன். மொத்தமாக வாங்க விரும்புகிறவர்களுக்குத் திருச்சி வாழைக்காய் மண்டி இருக்கிறது. நூற்றுக்கணக்கான வாழை ரகங்களைப் பாதுகாத்துவரும் தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் 1993 முதல் திருச்சியில்தான் இயங்குகிறது.

கேள்வி: எந்த வரிசையில் பரிமாற வேண்டும்? பெயரைச் சொல்லிக் கொடுப்பதா, மறைத்துக் கொடுப்பதா?
– வாசகி, மதுரை

பதில்: மறைத்துக் கொடுங்கள். பெயர் தெரிந்துவிட்டால் அவரவர் ஊர்ப்பற்று முன்னால் வந்துவிடும். திண்டுக்கல்காரர் மலைப்பழத்தைத் தவிர வேறொன்றுக்கு முதலிடம் தருவார் என்று எதிர்பார்ப்பது அநியாயம். செவ்வாழையின் தோல் அதைக் காட்டிக்கொடுத்துவிடும், ஆகவே எல்லாவற்றையும் சமையலறையிலேயே உரித்து, இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கி, வாழையிலையில் எண் எழுதிய காகிதத் துணுக்குகளின் மேல் வையுங்கள். நறுக்கிய சதை காற்றுப்பட்டுக் கறுக்கும் என்பதால், ஒவ்வொரு ரகத்தையும் பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் நறுக்க வேண்டும். கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாறு தடவும் உத்தி இங்கே உதவாது. அது சுவையையே மாற்றிவிடும். இதற்கென்று ஒருவர் சமையலறையில் நிற்க வேண்டியிருக்கும், அவரும் பிறகு விருந்தில் கலந்துகொள்ளும்படி ஏற்பாடு செய்யுங்கள்.

வரிசையில் ஒரே விதிதான்: இனிப்பு குறைந்தது முதலில், மிகுந்தது கடைசியில். பூவன், மலைவாழை, செவ்வாழை, ரஸ்தாளி, மட்டி, கற்பூரவள்ளி என்று போகலாம். ரஸ்தாளிக்கும் மட்டிக்கும் எது முன், எது பின் என்பது விவாதத்துக்குரியது. கற்பூரவள்ளியைத் தொடக்கத்தில் வைத்தால் அதற்குப் பின் வரும் எல்லாப் பழங்களும் சப்பென்று இருக்கும் என்பதில் மட்டும் விவாதமில்லை. இடையிடையே நாவைத் துடைக்க வெதுவெதுப்பான நீரும் உப்பில்லாத அரிசிப் பொரியும் வையுங்கள். காப்பியை விருந்து முடியும் வரை கண்ணில் காட்டாதீர்கள்.

விருந்தினருக்கு மதிப்பெண் தாள் கொடுப்பதை நான் விரும்புவதில்லை. பத்துக்கு ஏழு என்று எழுதிவிட்டு அதற்கு மேல் யோசிக்காமல் விட்டுவிடுவார்கள். மணம், சதையின் மென்மை, மாவுத்தன்மை, புளிப்பு, விழுங்கிய பின் நாவில் நிற்பது ஆகிய ஐந்தைப் பற்றியும் ஒவ்வொரு வரி எழுதச் சொல்லுங்கள். எல்லாரும் எழுதி முடித்த பிறகே பெயர்களை வெளியிடுங்கள்.

கேள்வி: புளிப்பை இனிப்பாக மாற்றும் அதிசயப் பழம் என்று ஒன்றை நாற்றுப்பண்ணையில் பார்த்தேன். அதையும் இத்தகைய விருந்தில் சேர்க்கலாமா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: அது மேற்கு ஆப்பிரிக்கச் செடி. அதன் சிவப்புப் பழத்திலுள்ள மிராக்குலின் என்ற புரதம் நாவில் படிந்திருக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை, புளிப்பான எதைத் தின்றாலும் இனிக்கும். எலுமிச்சை, நெல்லிக்காய், புளி ஆகியவற்றை வைத்துத் தனியே ஒரு மாலைப் பொழுதை அதற்காக ஒதுக்கலாம். வாழைப்பழத்தில் புளிப்பு குறைவு என்பதால் அது இங்கே வீண். பூவனுக்குள்ள ஒரே தனித்தன்மையையும் அழித்துவிடும்.

கேள்வி: அழைக்க இருப்பவர்களில் ஒருவருக்கு நீரிழிவு, இன்னொருவருக்குச் சிறுநீரகக் கோளாறு. அவர்களை எப்படி உபசரிப்பது?
– வாசகி, சேலம்

பதில்: என்ன விருந்து என்பதை அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். 100 கிராம் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர் தம் மருத்துவரைக் கேட்காமல் தின்னக் கூடாது. நீரிழிவுள்ளவரும் தம் அளவை மருத்துவரிடம் கேட்டு வரட்டும். துண்டுகளின் அளவை அவருக்குச் சிறியதாக்கலாம். ரப்பர் பால் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்கு வாழைப்பழமும் ஒத்துக்கொள்வதில்லை, அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். யாரையும் வற்புறுத்த வேண்டாம்.

கேள்வி: மீந்துபோகும் பழங்களை என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

பதில்: உரிக்காத பழங்களை விருந்தினரிடமே கொடுத்தனுப்புங்கள், எந்தப் பழம் எந்த எண் என்று எழுதி. நறுக்கி மீந்தவற்றைப் பிசைந்து நாட்டுச்சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் சேர்த்துப் பஞ்சாமிர்தமாக்கலாம். ஒரு சொட்டு நீரும் சேர்க்க வேண்டியதில்லை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சியை விரும்பிச் சேர்ப்பதற்குக் காரணம், அதில் ஈரம் குறைவு, எளிதில் நீர்த்துப்போகாது என்பதுதான். ஆகவே மலைவாழை மீந்திருந்தால் அதை அதிகமாகவும், ரஸ்தாளியைக் குறைவாகவும் போடுங்கள்.