பல்லுக்குப் பெயர் தெரியாது

அன்புள்ள ஆசிரியருக்கு,

தீவிபத்தில் இறந்தவர்களைப் பல்லை வைத்து அடையாளம் கண்டதாகச் செய்தியில் படித்தேன். உடலே கரிந்த பிறகு பல் எப்படி மிஞ்சுகிறது? அதைப் பார்த்து இன்னார் என்று சொல்லிவிட முடியுமா? டி.என்.ஏ. இருக்கும்போது இது எதற்கு?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பல்லின் மேலுறையான எனாமல்தான் நம் உடலிலேயே கடினமான பொருள். அதன் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. கன்னமும் நாக்கும் மூடியிருப்பதால் கடைவாய்ப் பற்களைத் தீ தாமதமாகவே எட்டுகிறது.

ஆனால் பல்லுக்குப் பெயர் தெரியாது. தனியாக அது முக்கியமாகச் சொல்வது தோராயமான வயதைத்தான். அதுவும் வளரும் பிள்ளைகளிடம்தான் நெருங்கி வரும். பெயர் வேண்டுமென்றால், அவர் உயிரோடு இருந்தபோது ஒரு பல் மருத்துவர் எழுதிவைத்த குறிப்போ எடுத்த எக்ஸ்ரேயோ வேண்டும். அடைத்த பல்லின் வடிவம், வேரின் வளைவு, வேர் சிகிச்சை செய்த இடம் என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுவார்கள். குறிப்பில் உள்ள பல் உடலில் இல்லையென்றால் பரவாயில்லை, பிறகு பிடுங்கியிருக்கலாம். பிடுங்கியதாகக் குறிப்பில் உள்ள நிரந்தரப் பல் உடலில் இருந்தால்? குறிப்பு சரியானது என்றால், அவர் இவர் இல்லை. மற்றவை எத்தனை ஒத்துப்போனாலும் சரி.

1897 மே மாதம் பாரிஸில் ஓர் அறக்கொடை விற்பனைக் கூடம் எரிந்து 126 பேர் இறந்தார்கள். முகம் தெரியாத உடல்கள். பல் மருத்துவர்களை அழைக்கலாம் என்ற யோசனையைச் சொன்னவர் பராகுவே நாட்டுத் துணைத்தூதர். இறந்தவர்களில் ஒருவரான அலன்சோன் கோமகளை அவருடைய பல் மருத்துவர்தான் அடையாளம் கண்டார். மறு வருடமே ஆஸ்கார் அமோயிடோ என்ற பல் மருத்துவர் இதைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார்.

டி.என்.ஏ.வும் வேண்டியதுதான், பல்லுக்குள் இருக்கும் கூழிலிருந்தே அதை எடுக்கலாம். இன்டர்போல் கைரேகை, பல், டி.என்.ஏ. மூன்றையும் முதன்மை அடையாளங்களாகவே வைத்திருக்கிறது. எக்ஸ்ரே கையில் இருந்தால் பல்லை ஒப்பிடுவது சீக்கிரம் முடியும். இன்னொன்று, தோலில் பதிந்த கடித்தடத்தை வைத்து ஆளைச் சொல்வதை இதோடு சேர்க்காதீர்கள். அதற்குப் போதிய அறிவியல் ஆதாரம் இல்லை. அதை நம்பி நிரபராதிகளைச் சிறையில் போட்டிருக்கிறார்கள்.

என்னை உறுத்துவது வேறு. 2004 சுனாமிக்குப் பின் தாய்லாந்தில், சொந்த நாட்டிலிருந்து பல் குறிப்புகள் வந்துசேர்ந்த வெளிநாட்டவர் பலருக்குப் பெயர் கிடைத்தது. குறிப்பே இல்லாத உள்ளூர்க்காரர்களுக்கு இந்த வழி அவ்வளவாக உதவவில்லை. அப்படிப்பட்ட வீடுகளில் இன்று பல் தெரியச் சிரித்த ஒரு புகைப்படத்தைக் கேட்கிறார்கள். முன்பல் இடைவெளி, முனை உடைந்த பல், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல் எல்லாம் அதில் இருக்கும்.