கசந்தால் கெட்டுப்போனதா?

கேள்வி: பெங்களூரிலிருந்து வந்த மச்சான், சிறு ஆலைகளில் காய்ச்சும் கிராஃப்ட் பீரில் பேல் ஏல் என்ற வகைப் பாட்டில் ஒன்று கொண்டுவந்தார். ஒரு வாய் குடித்ததுமே வேப்பங்கொழுந்தைக் கடித்த மாதிரி கசந்தது. கெட்டுப்போயிருக்கிறது என்றேன், உனக்கு நாக்கு பழகவில்லை என்கிறார். ஏற்காட்டில் காபி ருசி பார்க்கும் வேலையில் இருந்த நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா.
- ஒரு வாசகர், ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: பாதித் தீர்ப்பு மச்சானுக்கு. கசப்பு அந்தச் சரக்கின் பிறவிக் குணம். ஹாப்ஸ் என்ற கொடியின் பூங்கொத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டால் கசப்பு இறங்கும். கடைசியில் போட்டால் வாசனைதான் அதிகம் நிற்கும். கசப்பை அளக்க ஐ.பி.யு. என்று ஓர் அலகு உண்டு. நீங்கள் பழகிய லாகர், அதாவது கடையில் கிடைக்கும் வழக்கமான பீர், பெரும்பாலும் 20-ஐத் தாண்டாது. அமெரிக்க பாணி பேல் ஏல் 30 முதல் 50 வரை போகும். போதாததற்கு, ஈஸ்ட் சர்க்கரையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. சர்க்கரை போடாத டிகாஷன் மாதிரிதான், கசப்பை மறைக்க ஆளில்லை.

சரி, எப்படிக் குடித்தீர்கள்? பாட்டிலோடு, ஐஸ் போல, கூடவே காரச் சட்னி தடவிய தட்டுவடை செட்டா? சேலத்துக்காரர் வேறெப்படிக் குடிப்பார்! ஆனால் கசப்பும் நுரையும் காரச் சட்னியின் எரிச்சலைக் கூட்டிவிடும். வெறும் தட்டுவடை போதும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சற்று நேரம் வெளியே வையுங்கள், 7 முதல் 10 டிகிரி சரியாக இருக்கும். வாயகன்ற கிளாஸில் ஊற்றி முதலில் மோந்து பாருங்கள். அமெரிக்காவில் 1972-இல் வெளிவந்த கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகத்தை, 1980-இல் கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா பேல் ஏல் பிரபலமாக்கியது. அதில் பம்பளிமாஸ் தோலைக் கிள்ளிய வாசனை வரும். சிட்ரா ரகம் என்றால் மாம்பழமும் எட்டிப்பார்க்கும். ஹாப்ஸ் எண்ணெயில் உள்ள மிர்சீன் என்ற வாசனைப் பொருள் மாம்பழத்திலும் இருக்கிறது.

காபியை உறிஞ்சித் துப்பிவிடுவோம். இதை விழுங்கித்தான் ஆக வேண்டும், சங்கதியே அதற்குப் பிறகுதான். கசப்பு எழுந்து, சீக்கிரம் அடங்கி, வாய் வறண்டு இன்னொரு வாய் கேட்டால் நல்ல கைவேலை. தொண்டையைப் பிறாண்டிக்கொண்டு நின்றால் மச்சானிடம் தாராளமாகச் சண்டை போடலாம்.

மீதிப் பாதித் தீர்ப்பு பாட்டிலில் அச்சிட்ட தேதியைப் பொறுத்தது. ஹாப்ஸ் வாசனைக்கு ஆயுள் குறைவு. சில மாதங்கள் சூட்டில் கிடந்தால் வாசனை மங்கி, நனைந்த அட்டைப்பெட்டி நெடி வந்துவிடும். புளிப்போ வெண்ணெய் வாடையோ தூக்கலாக இருந்தாலும் கோளாறுதான். தேதியைப் பார்த்துவிட்டு எழுதுங்கள், முழுத் தீர்ப்பு வழங்குகிறேன்.

கேள்வி: ஏற்காட்டுக் குளிரில் பீர் பாட்டிலை ஜன்னலோரம் வைத்தால் போதாதா, ஃபிரிட்ஜ் எதற்கு?
- ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: குளிர் கிடைக்கும், வெளிச்சமும் கிடைக்குமே! வெயில் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து கந்தக நாற்றம் வந்துவிடும். பழுப்பு பாட்டில் ஓரளவு காக்கும், பச்சை பாட்டிலை நம்ப முடியாது. ஃபிரிட்ஜ் இல்லையென்றால் இருட்டான அலமாரியில் வையுங்கள்.