ஜொகூரில் வீடு, சிங்கப்பூரில் வேலை: வரி யாருக்கு?

கேள்வி: ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதி, மாதச் சம்பளம் 3,400 சிங்கப்பூர் வெள்ளி. இந்த வருடத்திலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வீட்டிலிருந்தே வேலை. மலேசியாவிலும் வரி கட்டாவிட்டால் பயணத் தடை வரும், 1,500 ரிங்கிட் கொடுத்தால் விலக்குக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒரு ஏஜென்ட். சிங்கப்பூரில் என் அம்மா பெயரில் வரிக் கழிவும் எடுத்துத் தருவாராம். அதற்கு சிங்கப்பூர் அரசின் இணையச் சேவைகளுக்குள் நுழையும் கணக்கான சிங்பாஸின் விவரம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். பணமும் வேண்டாம், சிங்பாஸும் வேண்டாம்.

முதலில் உங்கள் பயத்துக்குப் பதில். சிங்கப்பூரில் உட்கார்ந்து செய்த வேலைக்கான சம்பளத்துக்கு சிங்கப்பூரில்தான் வரி. அதை மலேசியாவுக்குக் கொண்டுவந்தால் மறுபடியும் வரியா என்ற குழப்பம் 2022-இல் சட்டம் மாறியபோது கிளம்பியது. தனிநபர்களுக்கு அந்த வருமானத்துக்கு விலக்கு உண்டு, அது 2036 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாட்டில் வரிக்கு உட்பட்ட பணமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். விலக்கைத் தருவது அரசாணை. ஏஜென்ட் கடிதம் வாங்கித் தந்து அது வருவதில்லை. சிங்கப்பூர் அனுப்பும் வரி நிர்ணய அறிவிப்பைப் பத்திரமாக வைத்திருங்கள், அதுதான் உங்கள் ஆதாரம். பயணத் தடை என்பது நிர்ணயித்த வரியைக் கட்டாமல் விட்டவர்களுக்கு வருவது.

சிங்கப்பூரில் ஒரு வருடத்தில் 183 நாள் வேலைக் கணக்கு தேறினால் நீங்கள் வரிவாசி, அதாவது வரி விஷயத்தில் அந்த நாட்டில் வசிப்பவராகக் கணக்கு. வாரம் நான்கு நாள் போகிற உங்களுக்கு அது தேறிவிடும். ஆண்டு வருமானம் 40,800 வெள்ளி, உழைப்பு வருமானக் கழிவு 1,000 போக, வரி சுமார் 543 வெள்ளி. வரிவாசி இல்லை என்றால் 15 சதவீதம், அதாவது 6,120 வெள்ளி. வீட்டிலிருந்து வேலை செய்யும் நாட்களைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன் இந்த வித்தியாசத்தை ஒரு தடவை பாருங்கள். சம்பளத்தில் மாதாமாதம் வரி பிடிக்க மாட்டார்கள், ஆகவே நீங்கள்தான் ஒதுக்கி வைக்க வேண்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் ஜைரோ போட்டால் 12 தவணையில் வட்டியில்லாமல் கட்டலாம்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. இதைத்தான் யாரும் சரியாகச் சொல்வதில்லை. முதலாளி சிங்கப்பூரில், சம்பளம் சிங்கப்பூர் வங்கியில், பணமும் சிங்கப்பூர் வெள்ளி. ஆனாலும் வேலை நடந்த இடம் ஜொகூர். மலேசியச் சட்டம் பார்ப்பது அந்த இடத்தைத்தான். அந்த நாட்களின் சம்பளம் மலேசியாவில் ஈட்டியது, மேலே சொன்ன விலக்கு அதற்கு ஒட்டாது. பயப்படவும் வேண்டாம். ஐந்தில் ஒரு பங்கு, வருடத்துக்கு 8,160 வெள்ளி. ரிங்கிட்டாக மாற்றி, 9,000 ரிங்கிட் தனிநபர் கழிவும் 400 ரிங்கிட் தள்ளுபடியும் போனால், வேறு மலேசிய வருமானம் இல்லாதவருக்கு வரி பூஜ்ஜியம். வீட்டு வாடகை மாதிரி ஏதாவது வந்தால் கணக்கு மாறும். வரி வராவிட்டாலும் மலேசிய வருமான வரிக்கான பிஇ படிவத்தைத் தாக்கல் செய்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. இணையத்தில் மே 15 வரை செய்யலாம்.

சிங்கப்பூர் நிறுவனம் வெள்ளிக்கிழமைகளையும் சேர்த்து முழுச் சம்பளத்தையும் அங்கே அறிவித்திருந்தால், எந்தெந்த நாள் வீட்டில் வேலை செய்தீர்கள் என்று மனிதவளப் பிரிவில் எழுதி வாங்குங்கள். இரு நாட்டுக்கும் இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது, ஆனால் நாட்கணக்கு இல்லாமல் அதைக் காட்டிப் பேச முடியாது. நீங்கள் எப்போது பாலம் கடந்தீர்கள் என்று இரண்டு அரசாங்கத்தின் கணினியிலும் இருக்கிறது. அப்படியும் தொழிலாளிதான் நாட்காட்டியில் வட்டம் போட்டு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2025 ஜனவரியில் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்துப் போட்டார்கள், எல்லை தாண்டி ரயில் பாதையும் போடுகிறார்கள். தினமும் கடக்கிறவருக்குப் புரிகிற மாதிரி இதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுக்க என்ன கஷ்டம்? அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட்டுகள் பிழைக்கிறார்கள்.

அம்மா பெயரில் கழிவு என்றாரே, அதுதான் பெரிய வலை. சிங்கப்பூரில் பெற்றோர் கழிவு கேட்க, பெற்றோர் சிங்கப்பூரில் வசிக்க வேண்டும். உங்கள் அம்மா ஜொகூரில் இருக்கிறார். ஏஜென்ட் அதை நிரப்பிவிட்டு, அதனால் மிச்சமாகும் வரியில் தன் பங்கைக் கேட்பார். பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கவனக்குறைவு என்றாலே, குறைத்துக் கட்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், வேண்டுமென்றே ஏய்த்ததாக முடிவானால் நான்கு மடங்கு வரை. படிவம் உங்கள் சிங்பாஸில் போயிருக்கும்போது, ஏஜென்ட் செய்தார் என்றால் யார் கேட்பார்கள்? மார்ச் 1 முதல் ஏப்ரல் 18 வரை நீங்களே கட்டணமில்லாமல் தாக்கல் செய்யலாம். சம்பள விவரத்தை நிறுவனம் நேரடியாக அனுப்பியிருந்தால், படிவத்தில் அது ஏற்கெனவே ஏறியிருக்கும்.

ஏஜென்ட்டிடம் சிங்பாஸ் மறைச்சொல்லை ஏற்கெனவே சொல்லியிருந்தால் இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்புறம் வரிக் கணக்கில் நுழைந்து, உங்கள் பெயரில் என்னென்ன கழிவு கேட்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.