டெர்மினலுக்கு ஒரு காலைப் பெரட்டு

இம்முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை டீமக்ஸைச் சுற்றியே இருக்கின்றன; கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் திரை ஒன்றுக்குள்ளேயே பல வேலைகளை ஓடவிடும் நிரல் அது. வீட்டிலிருந்தபடி கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலை செய்கிற பிள்ளைகள் மலையகத்தில் கூடிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன்; விசைப்பலகையில் வழக்கம்போல் ஆங்கிலத்திலேயே தட்டுங்கள்.

ஹட்டன் வாசகர்: அண்ணா, மூன்று வாடிக்கையாளர்களுக்கு மாறி மாறி வேலை செய்கிறேன். காலையில் டெர்மினலைத் திறந்து, கோப்புறைக்குப் போய், எடிட்டர், சேர்வர், டேட்டாபேஸ், லொக் என்று ஒவ்வொன்றாகக் கிளப்பவே தேநீர் ஆறிவிடுகிறது. ஒரே கட்டளையில் எல்லாம் எழுந்து நிற்குமா?

நிற்கும். நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால் இதை ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். விடியலில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவார்கள். ஒருவர் கொழுந்துக்கு, ஒருவர் கவாத்துக்கு, ஒருவர் புல்லுவெட்டுக்கு என்று கங்காணி பிரித்துவிடுவார். சற்று நேரத்தில் களம் காலி. உங்கள் திட்டம் ஒவ்வொன்றுக்கும் அப்படிப் பெரட்டுக் கலைக்கிற ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் போதும்; ஷெல் என்பது நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், ஸ்கிரிப்ட் என்பது அந்தக் கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பு. இருபது வரியைத் தாண்டாது.

டீமக்ஸில் ஒரு திட்டத்துக்கு ஒரு செஷன், அதற்குள் விண்டோக்கள், விண்டோவைப் பிரித்தால் பேன்கள். ஸ்கிரிப்ட் முதலில் விசாரிக்க வேண்டும்: இந்தப் பெயரில் செஷன் ஏற்கெனவே ஓடுகிறதா? ஹேஸ்-செஷன் கட்டளை அதற்குத்தான் இருக்கிறது. செஷன் இருந்தால் ‘ஆம்’ என்பதற்கு அடையாளமாகப் பூச்சியத்தைத் திருப்பித் தரும். இருந்தால் நேரே அதில் போய்ச் சேரவேண்டும், இல்லாவிட்டால் மட்டுமே உருவாக்கவேண்டும். ஏற்கெனவே பேர் விழுந்த ஆளுக்குத் தோட்டத்தின் வரவுப் பதிவேடான செக்ரோலில் மறுபடியும் பேர் போடக்கூடாது, அவ்வளவுதான். இந்தச் சோதனையை விட்டுவிட்ட ஸ்கிரிப்டை இரண்டாம் முறை ஓட்டினால், ஓடிக்கொண்டிருக்கும் செஷனுக்குள்ளேயே இன்னொரு எடிட்டரும் இன்னொரு சேர்வரும் முளைக்கும். அந்த இரண்டாவது சேர்வர் போர்ட் (இணைப்பு வாசல்) கிடைக்கவில்லை என்று அழும்.

விசாரிப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் ‘கடை’ என்று கேட்டால், அந்தப் பெயரில் செஷன் இல்லாதபோது ‘கடை-புதிது’ என்ற செஷனை டீமக்ஸ் எடுத்து நீட்டும். பெயரின் தொடக்கம் ஒத்துப்போனால் அதற்குப் போதும். அதனால் ஹேஸ்-செஷனில் பெயருக்கு முன்னால் சமன் குறி போடுங்கள். அப்போது முழுப்பெயரும் பொருந்தினால்தான் ஆம் என்று சொல்லும். அதை மேற்கோள் குறிக்குள் வைப்பது நல்லது, ஏனென்றால் இசட்-ஷெல் என்ற ஷெல் வகை அந்தச் சமன் குறிக்குத் தன் விருப்பப்படி வேறு பொருள் கொள்ளும். செஷன் பெயரில் புள்ளியோ முக்காற்புள்ளியோ வேண்டாம். டீமக்ஸ் அவற்றை அடிக்கோடாக மாற்றிவிடும், பிறகு உங்கள் ஸ்கிரிப்ட் பழைய பெயரைத் தேடி அலையும்.

உருவாக்கும்போது நியூ-செஷன் கட்டளைக்குச் சிறிய டி என்ற தெரிவை (ஆப்ஷன்) கொடுங்கள்; செஷன் பின்னணியில் பிறக்கும். சிறிய சி தெரிவில் திட்டத்தின் கோப்புறை, சிறிய என் தெரிவில் விண்டோவின் பெயர். பிறகு நியூ-விண்டோ, ஸ்பிளிட்-விண்டோ என்று தேவையானதைச் சேர்க்கலாம். விண்டோக்களை எண்ணால் அழைக்காதீர்கள். பலர் தங்கள் அமைப்புக் கோப்பில் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்கச் செய்திருப்பார்கள். இணையத்தில் எடுத்த ஸ்கிரிப்ட் பூச்சியமாவது விண்டோவைத் தேடித் தோற்பது பெரும்பாலும் அதனால்தான். பெயர் வைத்து அழைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பின்னணியில் பிறக்கும் செஷனுக்குத் தன் திரை எவ்வளவு பெரியது என்று தெரியாது. 80 எழுத்து அகலம், 24 வரி உயரம் என்று வைத்துக்கொள்ளும். அதற்குள் நான்கைந்து முறை பிரித்தால் ‘புதிய பேனுக்கு இடமில்லை’ என்று நின்றுவிடும். நியூ-செஷனுக்கு எக்ஸ், வை தெரிவுகளில் பெரிய அளவைக் கொடுங்கள்.

சேர்வரைக் கிளப்ப இரண்டு வழிகள் உண்டு. கட்டளையை விண்டோவுக்கே நேரடியாகக் கொடுத்தால், அது செத்தவுடன் விண்டோவும் மூடிக்கொள்ளும், பிழைச் செய்தியும் அதோடு போய்விடும். விசைகளை நமக்காகத் தட்டும் சென்ட்-கீஸ் கட்டளை மூலம் ஷெல்லுக்குள் தட்டச் செய்தால் சேர்வர் விழுந்தாலும் ஷெல் நிற்கும். மேல் அம்புக்குறியைத் தட்டி மறுபடி ஓட்டலாம். நான் இரண்டாவதையே வைத்திருக்கிறேன். கடைசி வரியில் ஒரு கிளை: டீமக்ஸுக்கு வெளியே இருந்தால் செஷனில் சேர அட்டாச், உள்ளே இருந்தால் அதற்கு மாற சுவிட்ச்-கிளையன்ட். இல்லாவிட்டால் டீமக்ஸுக்குள் டீமக்ஸைத் திறக்காதே என்று அது கண்டிக்கும்.

ஒரே விண்டோ போதுமென்றால் இதெல்லாம் வேண்டாம். நியூ-செஷனோடு பெரிய ஏ தெரிவு: இருந்தால் சேரும், இல்லாவிட்டால் உருவாக்கும்.

தலவாக்கலை வாசகர்: மின்சாரம் போனால் செஷனும் போய்விடுமா? எங்கள் பக்கம் அடிக்கடி போகிறது.

மின்சாரத்துக்காகக் கட்டிய அணைக்கட்டு கண்ணெதிரே இருக்கும் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வருவதை என்ன சொல்ல.

டீமக்ஸ் எந்தக் கணினியில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. டீமக்ஸுக்கென்றே ஒரு சேர்வர் உண்டு; செஷன்களைப் பின்னணியில் நடத்தும் அது, நினைவகத்தில் வாழும் ஒரு செயல்முறை. இணைப்பு அறுந்தால் சாகாது, டெர்மினலை மூடினாலும் சாகாது, கணினி அணைந்தால் செத்துவிடும். செஷன் தொலைவிலுள்ள சேர்வரில் இருந்தால் உங்கள் வீட்டு ரவுட்டர் இருட்டில் கிடந்தாலும் அங்கே வேலை நடந்துகொண்டே இருக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது என்னைக் காப்பாற்றியது இதுதான். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டபோதும் அப்படியே.

மடிக்கணினியிலேயே எல்லாம் ஓடுகிறதென்றால், ரெசரக்ட் என்ற செருகு நிரல் விண்டோக்களின் அமைப்பையும் கோப்புறைகளையும் சேமித்து மீட்கும்; கன்டினியூம் என்ற இன்னொன்று அந்தச் சேமிப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாகச் செய்யும். ஆனால் ஓடிக்கொண்டிருந்த நிரலின் நிலை திரும்பாது. விம், டாப் போன்ற சிலவற்றைத்தான் அது தானாக மறுபடி திறக்கும். மற்றவற்றை நீங்கள் குறிப்பிட்டுச் சொல்லவேண்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. நேற்றைய குப்பையையும் சேர்த்துத் திரும்பக் கொண்டுவருகிறது. ஸ்கிரிப்ட் இருந்தால் மின்சாரம் வந்ததும் ஒரு கட்டளை, சுத்தமான களம்.

மஸ்கெலியா வாசகர்: டெர்மினல் திறந்ததும் டீமக்ஸ் தானாக வரட்டும் என்று, ஷெல் எழும்போது படிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் எழுதினேன். இப்போது அந்தச் சேர்வருக்குக் கோப்பு அனுப்ப முடியவில்லை.

இந்தக் குழியில் நானும் விழுந்திருக்கிறேன். எக்ஸெக் என்ற சொல்லையும் முன்னால் சேர்த்து எழுதிவிட்டு வெளியே வந்தேன். டீமக்ஸின் அமைப்புக் கோப்பில் ஒரு எழுத்துப் பிழை. உள்ளே நுழையும் ஷெல்லே டீமக்ஸாக மாறி, டீமக்ஸ் பிழையோடு சாக, இணைப்பும் துண்டிக்கப்பட்டது. சேர்வர் வாடகைக்குக் கொடுத்தவர்களின் இணையக் கன்சோல் வழியாகப் போய்த் திருத்த ஓர் இரவு போனது.

கோப்பு அனுப்பும்போதும் மறுமுனையில் ஷெல் ஒன்று எழுந்து, பெரும்பாலும் அதே பாஷ்ஆர்சியைப் படிக்கும். அங்கே மனிதர் இல்லை, திரையும் இல்லை; டீமக்ஸ் குறுக்கே நின்று வழியை மறிக்கிறது. இரண்டு நிபந்தனைகள் போடுங்கள்: ஷெல் மனிதரோடு பேசும் வகையைச் சேர்ந்ததாக இருக்கவேண்டும், டீமக்ஸ் என்ற சூழல் மாறி (ஷெல் தன் நிரல்களுக்குக் கடத்தும் பெயரிட்ட மதிப்பு) வெறுமையாக இருக்கவேண்டும். எக்ஸெக் வேண்டாம். இன்னும் நேராகச் சொன்னால், பாஷ்ஆர்சியில் எழுதுவதை விட்டுவிட்டு உங்கள் டெர்மினல் செயலியின் அமைப்பில் தொடக்கக் கட்டளையாகக் கொடுங்கள். அது உங்கள் திரையை மட்டும்தான் தொடும்.

பண்டாரவளை வாசகர்: டீமக்ஸினேட்டரா, டீமக்ஸ்பியா?

இரண்டும் செஷனை எழுப்பித் தரும் உதவி நிரல்கள். முதலாவதற்கு ரூபி மொழி வேண்டும், இரண்டாவதற்குப் பைதான். கணினியில் எது ஏற்கெனவே இருக்கிறதோ அது. இரண்டுமே யாமல் என்ற எளிய எழுத்து வடிவக் கோப்பில் செஷனை விவரிக்க விடும். டீமக்ஸ்பியில் ஃபிரீஸ் என்றொரு கட்டளை உண்டு; கையால் அமைத்த செஷனை அப்படியே கோப்பாக எழுதித் தரும், அது அருமை. தனியாள் என்றால் ஷெல் ஸ்கிரிப்ட் போதும்.

பதுளை வாசகி: ஒரு திட்டத்தின் டேட்டாபேஸ் முகவரி இன்னொரு திட்டத்தின் செஷனில் வந்து நிற்கிறது. சோதனைத் தரவு என்று நினைத்து அழிக்கப் போனேன், கடைசி நொடியில் கவனித்தேன். ஏன் இப்படி?

நல்ல வேளை, தங்கச்சி. செஷன்கள் தனித்தனி வீடுகள் போலத் தெரியும். உண்மையில் அவை லயத்து அறைகள். கூரை ஒன்றுதான். எல்லாச் செஷன்களையும் ஒரே டீமக்ஸ் சேர்வர் நடத்துகிறது. காலையில் அது முதன்முதலாக எழுந்தபோது உங்கள் ஷெல்லில் என்னென்ன சூழல் மாறிகள் இருந்தனவோ அவற்றைப் பொதுவாக எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு பிறக்கும் ஒவ்வொரு செஷனும் அதிலிருந்துதான் பெறுகிறது. முதல் திட்டத்தின் முகவரியை ஏற்றிவிட்டு டீமக்ஸைத் திறந்தீர்கள், அது இரண்டாவதற்கும் கசிந்தது.

டீமக்ஸ் 3.2 பதிப்பிலிருந்து நியூ-செஷனுக்குச் சிறிய இ தெரிவில் அந்தச் செஷனுக்கு மட்டுமான மாறிகளைக் கொடுக்கலாம். செட்-என்விரான்மென்ட் கட்டளையும் உண்டு. ஆனால் அது அதற்குப் பிறகு திறக்கும் விண்டோக்களுக்கே செல்லும், ஏற்கெனவே திறந்திருக்கும் ஷெல்லைத் தொடாது. இதை அறியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர்களின் தரவு விஷயத்தில் நான் இன்னும் கறாராக இருப்பேன்: பெரிய எல் தெரிவில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி டீமக்ஸ் சேர்வர். அப்போது கூரையும் வேறு. கில்-சேர்வர் கொடுத்தாலும் ஒருவருடையது மட்டும் சாகும்.

டைரன்வ் என்ற சிறு நிரலைப் பயன்படுத்தினால் கோப்புறைக்குள் நுழைந்ததும் மாறிகள் ஏறும், வெளியேறியதும் இறங்கும். புதிய கோப்பை நீங்கள் அனுமதிக்கும்வரை அது ஏற்காது என்பதும் நல்ல குணம். ஒன்று மட்டும்: கடவுச்சொல்லைச் சென்ட்-கீஸில் எழுதாதீர்கள். திரையிலும் தெரியும், ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் தங்கும்.

நுவரெலியா வாசகர்: நானுஓயாவில் ரயில் ஏறிக் கொழும்பு போகும்வரை, தொலைவிலுள்ள சேர்வரோடு பேசும் எஸ்எஸ்எச் இணைப்பு நூறு தடவை அறுகிறது.

மோஷ் என்ற நிரலைப் போடுங்கள். அது நிலையான இணைப்பு தேவைப்படாத யூடிபி நெறிமுறை வழியாகப் பேசுவதால் சுரங்கப் பாதைக்குள் சிக்னல் போய் வந்தாலும், கைபேசியின் முகவரி மாறினாலும் இணைப்பைத் தொடரும். சேர்வரில் 60000 முதல் 61000 வரையான போர்ட்களைத் திறந்துவிடவேண்டும். மேலே உருட்டிப் பார்க்கும் வசதி மோஷில் இல்லை. அந்தக் குறையை உள்ளே ஓடும் டீமக்ஸ் தீர்க்கும்.

ஹப்புத்தளை வாசகர்: டீமக்ஸ் போலவே வேலை செய்யும், 1987இல் வந்த ஸ்கிரீனையே இன்னும் பயன்படுத்துகிறேன். 2007இல் வந்த டீமக்ஸுக்கு மாறித்தான் ஆகவேண்டுமா?

இல்லை. கை பழகியிருந்தால் அதிலேயே இருங்கள். ஸ்கிரிப்ட் எழுதும் ஆசை வந்தால் மட்டும் மாறுங்கள். கட்டளைகளால் வெளியிலிருந்து ஆட்டிவைப்பதற்கு டீமக்ஸ் இலகு. ஸ்கிரீனில் பழகிய கன்ட்ரோல்-ஏ விசையை டீமக்ஸிலும் வைத்துக்கொள்ளலாம்.

ஹட்டன் வாசகர், மறுபடியும்: கணினி எழும்போதே மூன்று செஷன்களும் தாமாக எழுந்தால் இன்னும் நல்லதல்லவா?

லினக்ஸில் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டியில் பயனர் சேவையாக எழுதி, லொகின்சிடிஎல் கட்டளையில் லிங்கர் என்ற அமைப்பை இயக்கினால் நீங்கள் உள்நுழையும் முன்பே எழும். சேர்வரில் அப்படிச் செய்யலாம். மடிக்கணினியில் நான் செய்வதில்லை. மூன்று திட்டங்களின் டேட்டாபேஸ்களும் ஒன்றாக எழுந்தால் என் 8 ஜிபி நினைவகம் மூச்சுத் திணறுகிறது. மின்சாரம் இல்லாத காலையில் பேட்டரியும் பத்து மணிக்கு முன்பே கை விரித்துவிடுகிறது. அன்றைக்கு யாருடைய வேலையோ, அந்த ஒரு பெயரைத் தட்டுகிறேன்.