மலாயாவுக்குப் போன பெரிய தாத்தா: கடிதம் நின்ற பிறகு தடம் தேடுவது எப்படி?

கேள்வி: என் தாத்தாவின் அண்ணன் தாது வருஷத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனாராம். 1941-க்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. சயாம் ரயில் பாதை போட்டதில் செத்துப்போனார் என்கிறார் அத்தை. நேதாஜி படையில் சேர்ந்தார் என்கிறார் சித்தப்பா. அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று ஊரில் ஒரு பேச்சு. வீட்டில் இருப்பது ஆறு கடிதங்களும் ஒரு போட்டோவும்தான். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த ஆறு கடிதங்களிலிருந்து. மூன்று கதைகளில் எது உண்மை என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர் உயிரோடு இருந்ததற்கு எழுத்தில் உள்ள கடைசித் தேதி எது? முதலில் அதை உறுதி செய்யுங்கள்.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் 8 அன்று மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. பிரிட்டிஷார் 1945 செப்டம்பரில் திரும்பி வரும்வரை ஊருக்கும் மலாயாவுக்கும் இடையே வழக்கமான தபால் போக்குவரத்து இல்லை. அந்த மூன்றரை ஆண்டில் பொதுவாக யார் வீட்டுக்கும் கடிதம் வராததால், உங்கள் பெரிய தாத்தாவின் மௌனம் எதற்கும் சான்றாகாது. 1945-க்குப் பிந்தைய மௌனத்துக்குத்தான் காரணம் தேட வேண்டும்.

கடிதங்களை லேமினேட் செய்யாதீர்கள், கிழிசலில் செலோடேப் ஒட்டாதீர்கள். இரண்டும் தாளைக் கெடுக்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. உறை உட்பட இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். போட்டோவுக்கு 600 டிபிஐ வையுங்கள். அட்டையின் கீழ் விளிம்பில் ஸ்டுடியோ பெயரும் ஊரும் அழுத்தெழுத்தில் இருக்கலாம். சாய்வாக வெளிச்சம் அடித்தால் தெரியும்.

உறையில் தபால் முத்திரை அழிந்திருந்தாலும் தபால்தலை பேசும். பாயும் புலி இருந்தால் அது பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் அடங்கிய கூட்டு மாநிலங்களுடையது. 1930-களின் நடுவிலிருந்து பேராக்கும் சிலாங்கூரும் தத்தம் சுல்தான் படத்துடன் தனித் தபால்தலை வெளியிட்டன. பிரிட்டிஷ் மன்னர் தலையும் நீரிணைக் குடியேற்றம் (ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ்) என்ற பெயரும் இருந்தால் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பக்கம். தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துவிட்டால் இந்தத் தடயம் உறையிலிருந்து போய்விடும்.

அடுத்தது தேதி. தாது வருஷம் 1936 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1937 ஏப்ரல் நடுவில் முடிந்தது. ஆகவே ‘தாது வருஷம் மாசி’ என்றால் அது 1937. பலரும் இங்கேதான் ஓராண்டு தவறுகிறார்கள். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் பஞ்சத்துக்குப் பேர்போன தாது 1876-ல் வந்தது. முன்னோர் கதைகளில் இரண்டும் கலந்துவிடும். கடைசிக் கடிதத்தில் விஷு வருஷம் என்றிருந்தால் 1941-42.

பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் முத்துசாமிகள் வருவார்கள். தந்தை பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர் மூன்றையும் சேர்த்துப் பிடியுங்கள். தோட்டத்துக் கிராணி (கணக்கர்) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்: ‘மு’வுக்கு ‘யூ’ போட்டும் இருக்கலாம், இரட்டை ‘ஓ’ போட்டும் இருக்கலாம், ‘அப்பன்’ என்பது ‘அப்பென்’ ஆகியிருக்கலாம். குறைந்தது ஐந்தாறு எழுத்து வடிவங்களை எழுதிவைத்துத் தேடுங்கள். தோட்டத்தைத் தொழிலாளர் ஒரு பெயரிலும் கம்பெனி வேறு பெயரிலும் அழைத்திருக்கலாம் என்பதால் பக்கத்து ஊர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கப்பல் பட்டியலைத் தேடிக் காலத்தை வீணாக்க வேண்டாம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் பிஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களுக்குத் தந்தை பெயர், ஊர், சாதி, அங்க அடையாளம் வரை பதிவுகள் உண்டு. மலாயாவில் அந்த முறை 1910-ல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி (ஊருக்கு வந்து ஆள் சேர்க்கும் தோட்ட மேஸ்திரி) வழியாகவோ சொந்தச் செலவிலோ போனவர்களுக்கு அதுபோன்ற முழுப் பட்டியலை எதிர்பார்க்க முடியாது.

பலரும் மறப்பது சார்பதிவாளர் அலுவலகத்தை. குடும்ப நிலத்துக்குப் பழைய வில்லங்கச் சான்று கேளுங்கள். பழைய ஆண்டுகளுக்கு நேரில் மனுக் கொடுத்துப் புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டியிருக்கும். பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் நகல் எடுத்து வரி விடாமல் படியுங்கள். அண்ணனின் பங்கு என்னவானது என்று அதில் ஏதாவது சொல்லியே ஆகவேண்டும். அவர் மலாயாவிலிருந்து பவர் பத்திரம் அனுப்பியிருந்தால் அந்தத் தேதியில் உயிரோடு இருந்தார். ஏழு வருஷமாகத் தகவல் இல்லை என்று எழுதியிருந்தால் அது சட்டத்தின் அனுமானம் மட்டுமே, இறப்புச் சான்று அல்ல.

இனி அந்த மூன்று கதைகள். ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அந்தப் பாதையில் உள்ள தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்து வரிசையாக நிற்கும் கல்லறைகள் நேச நாட்டுப் போர்க்கைதிகளுடையவை. தோட்டத் தொழிலாளிக்கு அப்படித் தனிக் கல் இல்லை. அங்கே பெயர் இல்லை என்பதால் அவர் போகவில்லை என்று ஆகாது. ஆனால் 1945-க்குப் பிந்தைய ஒரே ஒரு தாள் கிடைத்தால் இந்தக் கதை முடிந்துவிடும். மலாயாவில் அடையாள அட்டை 1948-ல் வந்தது. ஊழியர் சேமநிதிச் சட்டம் 1951-ல். இவற்றை அங்குள்ள நெருங்கிய வாரிசு வழியாக அணுகுவதே நல்லது.

படை விஷயத்துக்கு டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் ஐஎன்ஏ (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கோப்புகளைத் தேடலாம். வீரர் எல்லோர் பெயரும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். அவர் ஊர் திரும்பியிருந்தால் 1972-ல் தொடங்கிய தியாகிகள் பென்ஷனுக்கு மனுப் போட்டிருக்கலாம்.

வேறு குடும்பம் என்றால் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் தோட்டத்துக் கோயிலின் உபயப் பலகையும் (நன்கொடை தந்தவர் பெயர்ப் பலகை) உதவும். உபயத்தில் சொந்த ஊரும் சேர்ந்திருந்தால் அதிர்ஷ்டம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளத்தில் தமிழ் முரசையும் பாருங்கள். சொல் தேடலை நம்பாமல் தேதிவாரியாகப் புரட்டுங்கள்.

டிஎன்ஏ சோதனை செய்வதானால் உங்களுக்கு வேண்டாம், அத்தைக்குச் செய்யுங்கள். பெரிய தாத்தாவின் பிள்ளைகளோடு அத்தைக்குச் சராசரி 12.5 சதவீதம் ஒத்துப்போகும். பெரிய தாத்தாவின் பேரப்பிள்ளைகளோடு உங்களுக்கு 3 சதவீதம்தான். ஆனால் மாமன் மகள், அத்தை மகன் என்று தலைமுறைதோறும் முறைக்குள் கட்டிய குடும்பங்களில் ஒப்புமை கூடுதலாக வரும்; சோதனை காட்டும் உறவைவிட உண்மை உறவு ஒரு படி தள்ளி இருக்கலாம்.

அங்கே யாராவது கிடைத்தால் முதல் கடிதத்தில் போட்டோவின் நகலும் பெரிய தாத்தாவின் தந்தை பெயரும் ஊர் பெயரும் போதும். பத்திரம், பங்கு என்ற பேச்சே அதில் வரக்கூடாது. சொத்துக்காகத்தான் தேடுகிறார்கள் என்று பயந்தால் பதில் வராது. இங்கே அவருக்கு ஒரு மனைவி இருந்திருந்தால் அதை அவர்கள் அறியாமலே இருக்கலாம். அதை அவர்களாகக் கேட்கும்வரை எழுதாதீர்கள்.